ஓய்வுக்குப் பிறகு மலேசியாவில் குடியேறுவது: மாதச் செலவைத் தாண்டி எதைக் கணக்கிட வேண்டும்?

#1 யீஷுன்வாசி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 58 வயது, மனைவிக்கு 56. இருவரும் சிங்கப்பூர்க் குடிமக்கள். யீஷுனில் கடன் முழுவதும் அடைந்த நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எங்களுக்குச் சொந்தம். மகள் திருமணமாகிச் செங்காங்கில் இருக்கிறார். மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறார், திரும்பி வரும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

2026 ஜூலை முதல் நம் நாட்டில் சட்டப்படியான ஓய்வு வயது 64 ஆகவும், மறுவேலைவாய்ப்பு வயது 69 ஆகவும் உயர்கின்றன. நிறுவனம் என்னை வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாலும், 62 வயதுக்கு மேல் வேலை பார்க்க எனக்கு விருப்பமில்லை. 65 வயதில் மசேநிதி (மத்திய சேம நிதி) லைஃப் என்ற ஓய்வூதியத் திட்டத்திலிருந்து எனக்கு மாதம் ஏறத்தாழ 1,500 வெள்ளியும் (சிங்கப்பூர் டாலர்), மனைவிக்கு அவருடைய 65ஆம் வயதில் 900 வெள்ளியும் கிடைக்கும். இடைப்பட்ட ஆண்டுகளுக்குத் தனியாகச் சேமிப்பு இருக்கிறது. வீட்டை முழுமையாக வாடகைக்கு விட்டால் மேலும் 3,000 வெள்ளி வரும். எல்லாம் சேர்த்து 5,400 வெள்ளி. இன்றைய மாற்று விகிதத்தில் 16,000 ரிங்கிட்டுக்கு மேல். சிங்கப்பூரில் இருந்தால் வீட்டை வாடகைக்கு விட முடியாது, 2,400 வெள்ளியில் கையைக் கடித்துக்கொண்டு வாழ வேண்டும். ஜோகூர் பாருவிலோ பினாங்கிலோ இருந்தால் காரும் வைத்துக்கொண்டு தாராளமாக வாழலாம் என்று தோன்றுகிறது. மனைவி தைப்பிங்கில் பிறந்தவர் என்பதால் அந்தப் பக்கம் உறவினர்களும் இருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் நான் பார்க்கத் தவறியவை எவை என்று, ஏற்கெனவே அங்கே குடியேறியவர்களும் குடியேறத் திட்டமிட்டுக் கைவிட்டவர்களும் சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 கணக்குப்பிள்ளை

உங்கள் கணக்கில் செலவுப் பக்கம் சரியாகவே இருக்கிறது. வரவுப் பக்கத்தைத்தான் திருத்த வேண்டும்.

முதலில் வாடகை. நீங்கள் ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழித்து, வரி நோக்கில் சிங்கப்பூர்வாசி அல்லாதவராகக் கருதப்பட்டால், வாடகை வருமானத்துக்கு 24 சதவீதம் நேர்விகித வரி. ஆண்டு வாடகை 36,000 வெள்ளி என்றும், அதில் 15 சதவீதத்தைச் செலவுக் கழிவாக எடுத்துக்கொண்டால் மீதம் 30,600 என்றும் வைத்துக்கொள்வோம். வரி 7,344 வெள்ளி, அதாவது மாதத்துக்கு 600க்கு மேல். இதே தொகை உள்நாட்டுவாசிகளான கணவன் மனைவிக்கு இடையே பாதிப் பாதியாகப் பிரிந்தால், முதல் 20,000 வெள்ளிக்கு வரியில்லை என்பதால் இருவருமே ஒரு காசும் கட்ட வேண்டியிருக்காது. இதோடு சொத்து வரியும் மாறும். நீங்களே குடியிருக்கும் வீட்டுக்கு ஆண்டு மதிப்பில் (வீட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கக்கூடிய வாடகையின் மதிப்பீடு) முதல் 12,000 வெள்ளிக்கு வரியில்லை. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு முதல் வெள்ளியிலிருந்தே 12 சதவீதம். முகவர் கட்டணம், குடியிருப்பாளர் மாறும்போது காலியாக இருக்கும் மாதங்கள், பழுதுபார்ப்பு ஆகியவற்றையும் கழித்தால், 3,000 வெள்ளி என்பதை 2,100 என்று எழுதிக்கொள்வதே நேர்மையான கணக்கு.

அடுத்தது அங்கே தங்குவதற்கான அனுமதி, இதுதான் பெரிய தடை. ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ திட்டம் 2024இல் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான தனிப் பிரிவு நீங்கலாக, வெள்ளி (சில்வர்), தங்கம், பிளாட்டினம் என மூன்று நிலைகளாக இருக்கிறது. இந்த மூன்றில் தாழ்ந்த வெள்ளி நிலைக்கே 1,50,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்பு வேண்டும், அனுமதி ஐந்தாண்டுகளுக்கு. அதோடு 6,00,000 ரிங்கிட்டுக்குக் குறையாத வீடு ஒன்றை வாங்கியாக வேண்டும். பத்து ஆண்டுகளுக்கு அதை விற்க முடியாது. நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பதால் அந்தந்த மாநிலம் அயல்நாட்டவருக்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச விலையையும் பார்க்க வேண்டும். ஜோகூரில் அது பொதுவாகப் பத்து லட்சம் ரிங்கிட். அயல்நாட்டவர் வீடு வாங்கும்போது செலுத்தும் முத்திரைத் தீர்வையை 2026 முதல் 4 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாக உயர்த்தியிருக்கிறார்கள். வைப்புத் தொகையில் பாதியை வீட்டுக்கோ மருத்துவத்துக்கோ எடுக்க அனுமதி உண்டு என்றாலும், உங்கள் கையிலிருந்து குறைந்தது மூன்று லட்சம் சிங்கப்பூர் வெள்ளி வெளியேற வேண்டும். யீஷுன் வீட்டை விற்காமல் இதை உங்களால் திரட்ட முடியுமா?

மசேநிதியைப் பற்றியும் ஒரு சொல். குடியுரிமையை வைத்துக்கொண்டு மலேசியாவில் போய்த் தங்குவதால் மசேநிதிக் கணக்கை முழுவதும் காலிசெய்துகொள்ள முடியாது. மாதத் தொகை எப்போதும்போல் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், அவ்வளவுதான். அது முழுக்க நல்லதே என்பது என் கருத்து.

#3 ஸ்கூடாய்க்காரர்

நான் ஸ்கூடாயில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். என் மனைவி குளுவாங்கில் பிறந்தவர். மலேசியக் குடியுரிமையை அவர் விடவில்லை. அதனால் மலேசியக் குடிமகளின் கணவர் என்ற முறையில் எனக்கு நீண்டகாலத் தங்கல் அனுமதி கிடைத்தது. நிரந்தர வைப்போ கட்டாய வீடு வாங்குதலோ தேவைப்படவில்லை. யீஷுன்வாசியின் மனைவி தைப்பிங்கில் பிறந்தவர் என்கிறீர்கள். அவர் இன்னும் மலேசியக் குடிமகளா, அல்லது சிங்கப்பூர்க் குடியுரிமை பெறும்போது அதைத் துறந்துவிட்டாரா? திட்டம் முழுவதும் இந்த ஒரு விடையைப் பொறுத்தே நிற்கிறது.

செலவைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று படுக்கையறை மாடி வீட்டுக்கு 1,700 ரிங்கிட் வாடகை தருகிறோம். உணவு, மின்சாரம், இணையம், கார் எல்லாம் சேர்த்து மாதம் 6,000 ரிங்கிட்டுக்குள் அடங்கிவிடுகிறது. வாரத்தில் பாதி நாள் வெளியில்தான் சாப்பிடுகிறோம். ஆயினும் புதிதாக வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலேசியாவில் மலிவு என்பது படிப்படியாகக் குடிமக்களுக்கு மட்டும் உரியதாக மாறி வருகிறது. 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து ரோன்95 பெட்ரோல் லிட்டருக்கு 1.99 ரிங்கிட் என்ற விலை மைகார்டு (மலேசியக் குடிமக்களின் அடையாள அட்டை) உள்ளவர்களுக்கு மட்டுமே. எனக்குச் சந்தை விலைதான். 2025 ஜூலை முதல் தனியார் மருத்துவமனைக் கட்டணத்தில் மலேசியர் அல்லாதவருக்கு 6 சதவீதச் சேவை வரி சேர்கிறது. அரசாங்க மருத்துவமனையில் என் மனைவி வெளிநோயாளியாகப் பதிந்துகொள்ள ஒரு ரிங்கிட் கட்டுகிறார், நான் மானியம் இல்லாத அயல்நாட்டவர் கட்டணத்தைக் கட்டுகிறேன். இன்றைய விலைப்பட்டியலை வைத்து இருபது ஆண்டுகளுக்குத் திட்டமிடுபவர்கள் இந்தப் போக்கையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

#4 யீஷுன்வாசி

விரைவான பதில்களுக்கு நன்றி. மனைவி 1990களிலேயே மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிட்டார். ஆகவே ஸ்கூடாய்க்காரர் அண்ணன் சென்ற வழி எங்களுக்கு அடைபட்டது. வீட்டை விற்பதில் எனக்குப் பெரிய தயக்கம் இல்லை; மனைவிக்குத்தான் தயக்கம். விற்று, வெள்ளி நிலை அனுமதி பெற்று, பினாங்கில் ஒரு கூட்டுரிமை (கொண்டோமினியம்) வீடு வாங்கினால், மீதித் தொகையின் வட்டியும் மசேநிதியும் எங்களுக்குப் போதும் அல்லவா? மலேசியாவின் சமூக வருகை அனுமதியில் சில நண்பர்கள், மாதந்தோறும் சிங்கப்பூருக்கு வந்து போய், அப்படியே ஆண்டுக்கணக்கில் ஜோகூரில் வாழ்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#5 ஸ்கூடாய்க்காரர்

சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு மலேசியாவில் ஒவ்வொரு முறையும் 30 நாள் வருகை அனுமதி கிடைக்கிறது. அது சுற்றிப் பார்க்க வருபவருக்கு உரியது. அதை வைத்துக் குடித்தனம் நடத்துபவரை ஒரு நாள் குடிநுழைவு அதிகாரி நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இடமில்லை. 70 வயதில், கையில் மருந்துப் பையோடு, அந்தச் சாளரத்தின் முன் நிற்பதை ஒரு திட்டம் என்று நான் சொல்ல மாட்டேன்.

#6 பினாங்குவாசி

நான் கணவரோடு 2012இல் பினாங்குக்கு வந்தேன். அப்போது விதிகள் இப்போதைய அளவுக்குக் கடுமையாக இல்லை. 50 வயதைக் கடந்தவர்கள் 1,50,000 ரிங்கிட்டை நிரந்தர வைப்பாகப் போட்டு, மாதம் 10,000 ரிங்கிட் வருமானம் காட்டினால் பத்தாண்டு அனுமதி கிடைத்தது. எங்கள் காலத்துத் தொகை ரிங்கிட்டில் 1,50,000. இன்றைய தொகை அமெரிக்க டாலரில் 1,50,000. எண் ஒன்றுதான், நாணயம் மாறியதில் நான்கு மடங்காகிவிட்டது.

யீஷுன்வாசித் தம்பிக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். அனுமதி என்பது உரிமை அன்று. அரசு மாறினாலும் அமைச்சர் மாறினாலும் விதியும் மாறும். 2021 ஆகஸ்டில் திடீரென்று மாத வருமானம் 40,000 ரிங்கிட், வைப்பு பத்து லட்சம் ரிங்கிட் என்று அறிவித்தார்கள். ஏற்கெனவே குடியிருந்தவர்களுக்கும் அது பொருந்தும் என்று முதலில் சொல்லப்பட்டதால், பல வீடுகளில் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டார்கள். ஜோகூர் சுல்தான் வெளிப்படையாக எதிர்த்தார். பலதரப்பிலிருந்தும் குரல் எழுந்த பிறகு பழையவர்களைப் புதிய நிதி நிபந்தனைகளிலிருந்து விடுவித்தார்கள். சரவாக் மாநிலம் தனக்கென்று தனித் திட்டம் வைத்திருக்கிறது. அதையும் பார்த்து வையுங்கள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நாங்கள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலையில் தாவரவியல் பூங்காவில் நடக்கிறோம், தண்ணீர்மலைக் கோயில் பக்கத்திலேயே இருக்கிறது, தைப்பூசத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து உறவினர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து தங்குகிறார்கள். தமிழிலேயே கடைக்குப் போய், தமிழிலேயே மருத்துவரிடம் பேசி, தமிழிலேயே நாளைக் கழிக்க முடிகிறது. வேறு எந்த மலிவான நாட்டுக்குப் போனாலும் நமக்கு இது கிடைக்காது. கணக்குப்பிள்ளை ஐயாவின் கணக்கில் இதற்கு ஒரு பத்தி இல்லை.

#7 சாங்கி தாதி

நான் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் நீண்ட காலமாகத் தாதியாகப் பணிபுரிகிறேன். இங்கே யாரும் இன்னும் தொடாத பகுதியைப் பற்றிச் சொல்கிறேன்.

மசேநிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2010 முதல், சுகாதார அமைச்சு ஒப்புதல் அளித்த சில மலேசிய மருத்துவமனைகளில் மெடிசேவைப் பயன்படுத்தலாம். மலாக்காவின் மஹ்கோத்தாவும் ஜோகூரின் ரீஜென்சியும் அவற்றில் தொடக்கத்திலேயே இடம்பெற்றவை. ஆனால் அது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும் பகல்நேர அறுவைச் சிகிச்சைக்கும் மட்டும். சிங்கப்பூரில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தின் பரிந்துரை வழியாகச் செல்ல வேண்டும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடினால் பொருந்தாது. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான வெளிநோயாளிச் செலவுக்கும் பொருந்தாது. மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியோ வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தருவதே இல்லை, ஆனால் அதன் சந்தாவை நீங்கள் எங்கே வாழ்ந்தாலும் கட்ட வேண்டும். அதோடு இணைத்து எடுக்கும் தனியார் காப்புறுதித் திட்டங்களில் சில, வெளிநாட்டு அவசரச் சிகிச்சையை ஏற்கின்றன. ‘அவசரம்’ என்பதற்கு உங்கள் ஒப்பந்தம் தரும் விளக்கத்தை வரிவரியாகப் படியுங்கள். சாஸ் மருத்துவச் சலுகை அட்டையும் பலதுறை மருந்தக மானியமும் இந்தத் தீவுக்குள்தான்.

இதைச் சமாளிக்க, ஜோகூரில் வாழும் பலர் தம் நாள்பட்ட நோய்களுக்கான மருத்துவத்தைச் சிங்கப்பூரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, இரத்தம் சோதித்து, மருந்தை வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். எழுபது வயது வரை அது நன்றாகவே நடக்கிறது. பக்கவாதம் வந்தால் நிலைமை வேறு. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தோன்றி நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை கடற்பாலத்தில் நிற்கும் வாகன வரிசையைப் பார்த்தவர்கள், அந்த நேரத்துக்குள் சிங்கப்பூருக்கு வந்துவிடலாம் என்று நம்ப மாட்டார்கள். ஆகவே முதல் சிகிச்சை எப்படியும் அங்கேதான். அதுவும் பெரும்பாலும் முன்பணம் கேட்கும் தனியார் மருத்துவமனையில். அதற்கென்று உடனே எடுக்கத்தக்க ஒரு தொகையை ரிங்கிட்டில் தனியாக வைத்திருக்க வேண்டும். அந்தத் தொகையை மற்ற எதற்கும் தொடக்கூடாது.

மலேசியாவில் புதிதாக மருத்துவக் காப்புறுதி எடுக்கலாமே என்று கேட்பீர்கள். 60க்கு மேல் ஏற்கும் நிறுவனங்கள் குறைவு. ஏற்றாலும் ஏற்கெனவே உள்ள நோய்களை விலக்கிவிடுவார்கள். அங்கே சந்தா ஏறிய வேகத்தைக் கண்டு, 2024 டிசம்பரில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்றாண்டுகளுக்குப் பரப்பச் சொல்ல வேண்டியிருந்தது.

#8 தோபாயோ மூத்தவர்

இவ்வளவு சிரமம் எதற்கு? நான்கறை வீட்டை விற்றுவிட்டு, ஈரறை ஃபிளெக்ஸி வீட்டைக் குறுகிய குத்தகைக்கு வாங்குங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்கு 15 முதல் 45 ஆண்டுகள் வரை குத்தகை கிடைக்கிறது. மீதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை ஜோகூருக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். நானும் என் மனைவியும் மாதம் 1,800 வெள்ளியில் வாழ்கிறோம். உணவங்காடி இருக்கிறது, பேருந்துக்கு மூத்தோர் சலுகை இருக்கிறது, கீழ்த்தளத்திலேயே மருந்தகம் இருக்கிறது. நாங்கள் மெர்டேக்கா தலைமுறையினர் (1950களில் பிறந்தவர்கள்) என்பதால் மருத்துவக் கட்டணத்தில் கூடுதல் கழிவும் கிடைக்கிறது. சிங்கப்பூரில் வாழ முடியாது என்பவர்கள் பெரும்பாலும் கார் இல்லாமல் வாழ முடியாதவர்கள்.

#9 யீஷுன்வாசி

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். நாங்கள் 1960களின் பிற்பகுதியில் பிறந்தவர்கள் என்பதால் மெர்டேக்கா தலைமுறைச் சலுகை எங்களுக்கு இல்லை. குறுகிய குத்தகை வீட்டைப் பிறகு வெளிச்சந்தையில் விற்க முடியாது என்பதும் எங்களைத் தயங்க வைக்கிறது. கார் வைத்துக்கொள்ளும் ஆசை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சாங்கி தாதி எழுதியதைப் படித்த பிறகு மனைவியும் நானும் நெடுநேரம் பேசினோம். முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒரு திட்டமும் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு வேறொரு திட்டமும் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

#10 தெம்பனிஸ் மகள்

பெற்றோர் பக்கமிருந்து எல்லோரும் எழுதிவிட்டீர்கள். பிள்ளையின் பக்கமிருந்தும் ஒரு குரல் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

என் பெற்றோர் ஓய்வுக்குப் பிறகு ஜோகூர் பாருவுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஞாயிறுதோறும் நாங்கள் போவோம். பேரப்பிள்ளைகளுக்கு அது சுற்றுலா. 2020 மார்ச் 18 அன்று மலேசியா எல்லையை மூடியது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் கழித்து, 2021 நவம்பர் 29 அன்று எண்ணிக்கை வரம்போடு பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2022 ஏப்ரல் 1 அன்றுதான் தடுப்பூசி போட்டவர்களுக்கு நிலவழி முழுமையாகத் திறந்தது. இடையில் அப்பாவுக்குக் கண்புரை முற்றியது, அம்மா தனியாகவே எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டார். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தின் மறுமுனையில் அவர்கள் இருந்தார்கள். காணொளியில் மட்டுமே பார்த்தோம். பெருந்தொற்று மீண்டும் வரும் என்று அச்சுறுத்துவது என் நோக்கமில்லை. எல்லை என்பது நாம் நினைத்த நேரத்தில் கடக்கும் சாலை இல்லை என்பதைக் கணக்கில் சேர்க்கச் சொல்கிறேன்.

இரண்டாவது, பராமரிப்பு. 2009இல் அப்போதைய சுகாதார அமைச்சர் கோ பூன் வான், முதியவர்களைச் செலவு குறைந்த ஜோகூர் பாரு தாதிமை இல்லங்களில் சேர்ப்பதைப் பற்றிப் பேசியபோது எவ்வளவு கோபம் எழுந்தது என்பது சிலருக்கு நினைவிருக்கலாம். அதன் பிறகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல அங்கே முதியவர்களைச் சேர்த்திருக்கின்றன. செலவு வேறுபாடு அப்படி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முடிவைப் பெற்றோர் தாமே, நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசி எடுக்க வேண்டும். செங்காங் மகளிடம் நீங்கள் இதைப் பேசிவிட்டீர்களா?

#11 சட்டத்துணை

வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் சில குறிப்புகள். இவை சட்ட ஆலோசனைக்கு மாற்றாகா.

மரபுரிமை வரி இரு நாடுகளிலும் இல்லை. மலேசியா 1991இலும் சிங்கப்பூர் 2008இலும் அதை நீக்கிவிட்டன. ஆனால் நடைமுறை உண்டு. சிங்கப்பூரில் எழுதிய உயிலுக்கு இங்கே பெற்ற நீதிமன்ற ஆணையை மலேசிய உயர் நீதிமன்றத்தில் மறுமுத்திரை இடச் செய்த பிறகே அங்குள்ள வீட்டையும் வைப்பையும் பெயர் மாற்ற முடியும். அதற்கு மாதங்கள் ஆகும் என்பதால், மலேசியச் சொத்துக்கென்று அங்கேயே தனி உயில் எழுதி வைப்பவர்கள் உண்டு. அப்படி எழுதும்போது ஓர் உயில் மற்றொன்றை ரத்து செய்யாதபடி வாசகத்தைக் கவனமாக அமைக்க வேண்டும். மசேநிதித் தொகை உயிலின் கீழ் வராது, அதற்கு நியமனம் தனியாகச் செய்ய வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பலருக்குத் தெரியாத விஷயம் நினைவாற்றல் இழப்பைப் பற்றியது. சிங்கப்பூரில் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதிவைத்தால், உங்களுக்கு முடிவெடுக்கும் ஆற்றல் போன பிறகும் நீங்கள் நியமித்த மகளோ மனைவியோ உங்களுக்காக முடிவெடுக்கலாம். மலேசியாவில் அதற்கு இணையான பத்திரம் கிடையாது. அங்கே எழுதும் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதியவர் மனநலத் தகுதியை இழந்தவுடன் செயலற்றுப்போகும். அதன் பிறகு 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். வெள்ளி நிலை அனுமதிக்காக உங்கள் ஒருவர் பெயரிலேயே நிரந்தர வைப்பைப் போட்டுவிட்டு, பத்தாண்டு கழித்து உங்களுக்கே மறதி நோய் வந்தால், உங்கள் மருத்துவச் செலவுக்காக அந்தப் பணத்தை எடுக்க மனைவி நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். வீட்டை விற்பதற்கும் அதே நிலைதான்.

#12 கோவைவாசி

தலைப்பிலிருந்து விலகாமல் சுருக்கமாகச் சொல்கிறேன். நாங்கள் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை பெற்றுக் கோவையில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். உணவு, தாதி, மருத்துவர் வருகை எல்லாம் ஒரே வளாகத்தில். அட்டை வாழ்நாள் முழுவதற்கும் செல்லும்; வைப்புத் தொகை கேட்கவில்லை; விவசாய நிலம் தவிர வீடு வாங்கவும் தடையில்லை. ஆனால் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ தங்கினால் இந்திய வரிச் சட்டத்தில் உள்நாட்டுவாசி ஆகிவிடுவோம். சில ஆண்டுகளுக்குப் பிறகு உலக வருமானம் முழுவதும் கணக்கில் வரும். மலேசியா வெளிநாட்டிலிருந்து தனிநபர் கொண்டுவரும் வருமானத்துக்கு 2036 முடிவு வரை வரிவிலக்கு அளித்திருப்பதோடு இதை ஒப்பிடுங்கள். மகள் செங்காங்கில் இருக்கும்போது கோவை உங்களுக்குத் தூரம் என்றே சொல்வேன்.

#13 ஸ்கூடாய்க்காரர்

சாங்கி தாதியின் பதிவு தேவையானதுதான், ஆனாலும் அதைப் படிப்பவர்கள் மலேசிய மருத்துவத்தையே ஆபத்து என்று நினைத்துவிடக் கூடாது. பினாங்குக்கும் மலாக்காவுக்கும் இந்தோனேசியாவிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமானோர் சிகிச்சைக்காகவே வருகிறார்கள். என் மூட்டு அறுவைச் சிகிச்சையை இங்கேயே செய்துகொண்டேன். காப்புறுதி இல்லாமல் கையிலிருந்து கட்டியும், சிங்கப்பூர்த் தனியார் மருத்துவமனை சொன்ன தொகையில் பாதிகூட ஆகவில்லை. எல்லைக் கடப்பும் மாறப்போகிறது. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையிலான ரயில் 2027 தொடக்கத்துக்குள் ஓடத் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனையும் புறப்படும் இடத்திலேயே முடிந்துவிடும். அதனால் ஜோகூர் வாடகை ஏறும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். என் வீட்டு உரிமையாளர் இப்போதே அதைப் பேசத் தொடங்கிவிட்டார்.

#14 சாங்கி தாதி

மலேசிய மருத்துவர்களின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. திட்டமிட்டுச் செய்யும் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு விலை கேட்டு, ஒப்பிட்டு, சேமித்து வைத்துப் போகலாம். இரண்டு வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்க நேர்ந்தால் விலை கேட்க நேரம் இருக்காது. சிங்கப்பூரில் மானியப் படுக்கையும் மெடிஷீல்டும் அந்தச் செலவுக்கு ஒரு கூரை போடுகின்றன. எல்லையைத் தாண்டினால் அந்தக் கூரை இல்லை என்பது மட்டுமே என் வாதம்.

#15 கணக்குப்பிள்ளை

பினாங்குவாசி அக்கா கேட்ட பத்தியை என் கணக்கில் சேர்க்கிறேன். அதற்கு எண் போட எனக்குத் தெரியவில்லை, ஆனால் அது சுழியம் இல்லை.

நாணயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 1973 வரை சிங்கப்பூர் வெள்ளியும் மலேசிய வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று மாறின. அன்றிலிருந்து போக்கு நமக்குச் சாதகமாகவே இருந்ததால், அது என்றும் அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை நம்மவர்களிடம் ஆழமாக இருக்கிறது. 2024 தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கு 3.5 ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. 2025 முடிவில் 3.2க்குக் கீழே வந்துவிட்டது. இரண்டே ஆண்டில் பத்து சதவீத வருமானம் ஓசையில்லாமல் போனது. ஆகையால் 3.2 என்று கணக்குப் போடாமல் 2.8 என்று போட்டு, அதிலும் வாழ முடியுமா என்று பாருங்கள். மாதம் 6,000 ரிங்கிட் செலவு என்றால் முடியும் என்றே தெரிகிறது.

ஆக, மாதச் செலவு உங்களுக்குச் சிக்கலே இல்லை. சிக்கல் மூலதனத்தில். வீட்டை விற்று, அயல்நாட்டவராக அங்கே வீடு வாங்கி, முதல் ஐந்தாண்டுக்குள் விற்க நேர்ந்தால் லாபத்தில் 30 சதவீதம் ஆதாய வரி, அதன் பிறகும் 10 சதவீதம். இரண்டாவது இல்லத் திட்டத்தின் கீழ் வாங்கிய வீடு என்றால் பத்தாண்டு விற்கவே முடியாது. இதற்குள் சிங்கப்பூரில் மறுவிற்பனை வீவக வீட்டின் விலை எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. 75 வயதில் திரும்பி வர வேண்டிய நிலை வந்தால், இன்று விற்ற வீட்டைப்போல் ஒன்றை அந்தப் பணத்தில் வாங்க முடியாமல் போகலாம். யீஷுன் வீட்டை விற்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளை வாடகைக்கு விட்டுவிட்டு மலேசியாவில் வாழ்வதை வீவக ஏற்காது. அறை வாடகை என்றால் உரிமையாளர் அங்கே குடியிருக்க வேண்டும். முழு வீட்டையும் விடுவதென்றால் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தமும் குறைந்தது ஆறு மாதம்.

#16 யீஷுன்வாசி

அனைவருடைய பதிவுகளையும் மனைவியும் நானும் சேர்ந்து படித்தோம். மகளோடும் பேசினோம், அவர் எதிர்பார்த்ததைவிட அமைதியாகக் கேட்டுக்கொண்டார், வீட்டை மட்டும் விற்க வேண்டாம் என்றார்.

இப்போதைக்கு நாங்கள் நினைப்பது இது. வீடு விற்பனை இல்லை; இரண்டாவது இல்லத் திட்டமும் இல்லை. நான் 62இல் வேலையை விட்டதும், வருகை அனுமதிக்கு உட்பட்டு, பயணிகளாகவே, ஒரு பருவம் தைப்பிங்கிலும் ஒரு பருவம் பினாங்கிலும் தங்கிப் பார்ப்போம். அந்தக் காலத்தில் யீஷுன் வீடு பூட்டியிருக்கும். வாடகை வருமானம் இருக்காது. அதற்கு ஈடாக இன்னும் ஓர் ஆண்டு பகுதிநேரமாக வேலை பார்க்க ஒப்புக்கொள்கிறேன். நீடித்த அதிகாரப் பத்திரத்தை இந்த ஆண்டே எழுதிவிடுகிறோம். 65க்குப் பிறகு, அந்த இடம் எங்களுக்கு ஒத்துவந்தால், அப்போதைய விதிகளைப் பார்த்துக்கொண்டு முறையான அனுமதியைப் பற்றி மறுபடியும் யோசிப்போம்.

பினாங்குவாசி அக்காவிடம் ஒரு கேள்வி. ஓரிரு மாத வாடகைக்கு வீடு தேடும்போது எந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும்? சுற்றுலா விடுதிகள் நிறைந்த கடற்கரைப் பகுதி வேண்டாம் என்று மனைவி சொல்கிறார்.

#17 பினாங்குவாசி

அவர் சொல்வது சரி. பத்து ஃபெரிங்கி விடுமுறைக்கு நல்லது, குடியிருப்பதற்குக் கடையும் மருத்துவமனையும் தூரம். புலாவ் திக்குஸ் பகுதியைப் பாருங்கள். சந்தை நடந்து போகும் தொலைவில் இருக்கிறது, தனியார் மருத்துவமனைகள் பல அருகிலேயே உள்ளன. லிட்டில் இந்தியாவுக்குக் காரில் சற்று நேரம்தான். குறுகிய கால வாடகையைக் கட்டட நிர்வாகம் அனுமதிக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல கூட்டுரிமை வீடுகளில் அதற்குத் தடை இருக்கிறது. நீண்டகால ஒப்பந்தமாக இருந்தால் இரண்டு மாத வாடகை முன்பணம், பயனீட்டுக் கட்டணத்துக்கு அரை மாதம் என்பது வழக்கம். ஒப்பந்தத்துக்கு முத்திரை இட்டிருக்க வேண்டும். மின்தூக்கி ஒன்றுக்கு மேல் இருக்கும் கட்டடமாகப் பாருங்கள். தைப்பிங்கில் தங்கும்போது குடையை மறக்காதீர்கள், அங்கே மழை மிகுதி. இதய மருத்துவருக்குப் பினாங்குக்கு வர வேண்டியிருக்கலாம். வரும் தேதியை முன்கூட்டியே தெரிவியுங்கள், எங்கள் கட்டடத்தில் காலியாகும் வீடுகளைக் கேட்டுச் சொல்கிறேன்.